பின்தட்டு

மனிதர் தாம் பயன்படுத்திய பொருள்கள் அனைத்தையும் நினைவில் வைத்திருப்பதில்லை. பழுதின்றி உழைத்த பொருள் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. அடிக்கடி பழுதுற்று, உரியவரின் காசையும் நேரத்தையும் பொறுமையையும் வாங்கிய பொருளே நெடுங்காலம் நெஞ்சில் நிற்கின்றது. யாழ்ப்பாணத்து முதியவர்கள் தமது இளமைக்கால மோட்டார் வண்டிகளைப் பற்றி உரையாடும்போது இதனைத் தெளிவாகக் காணலாம். எந்த வண்டி எந்த ஏற்றத்தில் நின்றது, எந்த வளைவில் எந்த ரயர் வெடித்தது, தள்ளுவதற்கு இறங்கியவர் யார், இறங்காமல் இருந்தவர் யார் என்பனவே அவ்வுரையாடலின் பெரும்பகுதியை நிரப்பும். ஒழுங்காக ஓடிய நாட்களுக்குக் கதை இல்லை.

மருதனார்மடத்துக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவரிடமும் இத்தகைய கதைகள் நிறைய உண்டு. 1948 இற் பிறந்த அவர், இருபத்தோராம் வயதில் முதல் வானையும் முப்பத்துநான்காம் வயதில் மூன்றாவது வானையும் வாங்கியவர். மாலை வேளைகளில் விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, கேட்க ஒருவர் கிடைத்தால் அம்மூன்றின் வரலாற்றையும் வரிசையாகச் சொல்லுவார். அவற்றுள் நடுவில் வந்த வானின் கதையே நீளமானது. அவருக்கு மிகவும் உவப்பானதும் அதுவே. ஆயின் அக்கதையில் ஒரு பகுதியை அவர் பல ஆண்டுகளாகச் சொல்லாமலே விட்டிருந்தார். அண்மைக் காலத்திலேதான் அதனையும் சேர்த்துச் சொல்லத் தலைப்பட்டுள்ளார்.

முதலாவது வான் மொறிஸ் மைனர். 1948 இல் இங்கிலாந்திற் பிறந்த மொறிஸ் மைனர் காரின் முன்பாகத்தையும், அதன் பின்னே சாமான் ஏற்றும் பெட்டியையும் உடைய சிறு வண்டி அது. அவரும் தாய்மாமனாகிய அம்மானும் பங்காக 1969 இல் அதனை வாங்கினர். முன்னே இருவர் அமரலாம். பின்னே புகையிலையும் மரக்கறியும் ஏற்றலாம். அவ்வண்டியின் சாரதிப் பக்கக் கதவு ஓடும்போது தானாகவே திறந்துகொள்ளும் இயல்பினது. ஒரு கையால் ஸ்ரியரிங்கையும் மறு கையாற் கதவையும் பிடித்துக்கொண்டு கியர் மாற்றுவது எங்ஙனம் என்பதை அவர் இன்றும் கதிரையில் இருந்தவாறே நடித்துக் காட்டுவார். தாம் மோட்டார் ஓட்டப் பழகியது அவ்வண்டியிலன்று, அக்கதவிலேயே என்பது அவர் கூற்று.

இரண்டாவது வான் வந்த காலம் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நற்காலமாக இருந்தது. 1970 இற் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதன் பயனாக, செம்மண் நிலத்தில் விளைந்த மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் முன்னொருபோதும் இல்லாத விலை கிடைத்தது. மண்வீடுகள் கல்வீடுகளாயின; துலா நின்ற கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் இரைந்தன. அப்பணத்திலேயே 1972 இல் மொறிஸ் மைனரை விற்று, மேலும் பணம் போட்டு, அவர் ஒரு வொக்ஸ்வாகன் கொம்பி வானை வாங்கினார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓடிய பழைய வண்டி அது.

கொம்பி வானின் பிறப்பு வரலாறும் சுவையானதே. ஒல்லாந்து நாட்டு வணிகரான பென் பொன் என்பவர் 1947 இல் ஒரு குறிப்பேட்டுத் தாளில் பெட்டி போன்ற வண்டியொன்றின் கோட்டுப்படத்தை வரைந்தார். இயந்திரம் பின்னே, சாரதி முன்னே, இடையில் முழுவதும் சுமை என்பதே அப்படத்தின் கருத்து. 1950 இல் ஜேர்மனியின் வொல்ஸ்பேர்க் நகரில் அவ்வண்டியின் உற்பத்தி தொடங்கியது. 1956 இல் ஹனோவர் நகரத்துப் புதிய ஆலைக்கு மாற்றப்பட்டது. இருக்கைகளைக் கழற்றினாற் சாமான் வண்டி, பூட்டினால் ஆட்களின் வண்டி என இரு பயனும் ஒருங்கிணைந்தமையாலேயே கொம்பி என்னும் பெயர் அமைந்தது.

மருதனார்மடத்துக்கு வந்தது 1956 ஆம் ஆண்டு வண்டி. இயந்திரம் 1192 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 30 குதிரைவலுவும் கொண்டது. ஒன்பது பேரை ஏற்றி ஏற்றத்தில் ஏறும்போது அம்முப்பது குதிரைகளிற் பாதி எங்கோ மேயப் போய்விடும் என்பார் அவர். பெற்றோலின் அளவைக் காட்டும் முள் அவ்வண்டியில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது இயந்திரம் இருமத் தொடங்கினால், காலடியிலுள்ள குமிழை இழுத்துத் தாங்கியின் அடியிலுள்ள ஒதுக்கப் பெற்றோலைத் திறந்துவிட வேண்டும். அதுவே அறிவித்தல். 6 வோல்ற்று மின்சாரத்தில் எரிந்த முன்விளக்குகள், எதிரே வருபவருக்கு வான் வருகின்றது என்பதைத் தெரிவித்தனவேயன்றிச் சாரதிக்கு வீதியைக் காட்டவில்லை. ஆயின் காற்றினாற் குளிரும் இயந்திரமாதலின் றேடியேற்றரும் இல்லை, தண்ணீர் கொதிக்கும் தொல்லையும் இல்லை. ஏனைய கார்கள் மூடியைத் திறந்து நீராவி கக்கி வீதியோரத்தில் நிற்கும்போது அது முனகிக்கொண்டே கடந்துபோகும்.

அவ்வண்டிக்கு ஊரில் வேறொரு பெருமையும் இருந்தது. 1957 இல் மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டிற் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டமையும், அதனை எதிர்த்துத் தமிழ்ப் பிரதேசங்களிற் போராட்டம் நடந்தமையும், 1958 இல் அவ்வெழுத்தின்மேல் தார் பூசப்பட்டமையும் வரலாறு. இக்கொம்பியோ அதற்கு முன்னரே பதியப்பட்டு ஆங்கில எழுத்துக்களைத் தாங்கியிருந்தது. ஸ்ரீ இல்லாத வான் என்று ஊரவர் அதனைச் சுட்டிக்காட்டினர். தகட்டை மினுக்கித் துடைப்பது அம்மானின் காலைக் கடமைகளுள் ஒன்றாயிற்று.

பகலில் இருக்கைகள் கழற்றப்பட்டு மிளகாய் மூடைகள் ஏறும். மாலையில் அவை இறக்கப்பட்டு இருக்கைகள் பூட்டப்படும். நல்லூர்த் தேருக்கும், செல்வச்சந்நிதிக்கும், பிரசவத்துக்கும், செத்த வீட்டுக்கும், பெண்ணழைப்புக்கும் அதே வான். எத்துணை கழுவினும் மிளகாய் நெடி போவதில்லை. மணப்பெண் தும்மிக்கொண்டு வந்து இறங்கினால், இன்னாருடைய வானில் வந்திருக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் அறிந்துகொள்வர். 1973 இன் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்காக ஏறியபின் பெற்றோற் செலவை ஊரவர் பங்கிட்டனர். பங்கு கொடுத்தோர் யாவரும் அதனைத் தமது வானென்றே கருதினர்.

அவ்வாறு கருத முடியாதோரும் இருந்தனர். வானில் இடம்பெறுவதற்கு எழுதப்படாத ஒழுங்கொன்று நிலவியது. முன்னிருக்கையில் அவரும் அம்மானும். இரண்டாம் வரிசையில் மூத்தோர். மூன்றாம் வரிசையிற் பெண்களும் பிள்ளைகளும். அதற்குப் பின்னே, இயந்திரத்தின் மேலே, சாமான் வைக்கும் தட்டு. கடகங்கள், தண்ணீர்க் கான், மாற்று ரயர் ஆகியவற்றோடு அத்தட்டில் ஒரு சிறுவனும் இருப்பான். அவருடைய தோட்டத்தில் மிளகாய்க்குக் களை பிடுங்கிய தாயொருத்தியின் மூத்த மகன் அவன். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன். வானைக் கழுவவும், ரயர் மாற்றும்போது உதவவும் அவன் வேண்டியிருந்தான். இருக்கையில் அமர வேண்டாமென்று எவரும் அவனிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கீழே கொதிக்கும் இயந்திரத்தின் வெப்பம் இரும்புத் தகட்டினூடாக ஏறும். சாக்கொன்றை நாலாக மடித்து அதன்மேல் அவன் குந்தியிருப்பான்.

சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களிற் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தது. 1968 இல் அவ்வூரிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டமும் நடந்திருந்தது. இலக்கத் தகட்டில் ஒரு எழுத்து இல்லாமையைக் கண்டு மகிழ்ந்த ஊரார், அதே வானின் பின்தட்டில் ஒரு பிள்ளை குந்தியிருந்தமையைக் காணவில்லை. காணவில்லை என்பதினும் அது அவர்கள் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றியது என்பதே பொருந்தும்.

1974 ஆடி மாதத்துக் கதிர்காம யாத்திரை அம்முதியவரின் கதைகளுள் முதன்மையானது. வானில் இருக்கைகளுக்கு ஒன்பது பேர், மடிகளிற் பிள்ளைகள், பின்தட்டிற் பன்னிரண்டு வயதுச் சிறுவன். வழக்கம்போல் முறிகண்டிப் பிள்ளையார் முன் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினர். வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என வான் சென்றது. கண்டிக்கப்பால் மலை தொடங்கியதும், பழகிய இடத்துக்கு மீண்ட மாடுபோல வானுக்கு உற்சாகம் பிறந்ததென்பார் அவர். றம்பொடை ஏற்றத்திற் பொழுது சாயும் வேளையில், மிதித்த கால் வெறுமையாகக் கீழே சென்றது. இயந்திரம் நிற்கவில்லை, ஆனால் வேகம் ஏறவில்லை. முன்னே மிதிகட்டையிலிருந்து வானின் முழு நீளத்துக்கும் சென்று, பின்னேயுள்ள காபரேற்றரை இழுக்கும் கம்பி அறுந்துவிட்டது.

பெரியவர்கள் இறங்கி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, சிறுவன் பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்த்தான். பின்னர் கடகம் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அதன் ஒரு நுனியைக் காபரேற்றரின் நெம்பிற் கட்டி, மறு நுனியை மூடியின் இடுக்கினூடாக மேலே கொண்டுவந்து, தட்டில் ஏறி அமர்ந்துகொண்டான்.

“நயினார், நீங்கள் பிடியுங்கோ. நான் இழுக்கிறன்” என்றான்.

முன்னே ஸ்ரியரிங்கைப் பிடித்தவர் ஒருவர். பின்னே வேகத்தைப் பிடித்தவன் ஒருவன். இயந்திர இரைச்சலிற் சாரதியின் குரல் பின்தட்டை எட்டவில்லை. ஆதலாற் கட்டளை வரிசை வரிசையாகச் சென்றது. “கூட்டச் சொல்லுங்கோ” என்று அவர் அம்மானிடம் சொல்ல, அம்மான் இரண்டாம் வரிசைப் பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா மூன்றாம் வரிசையிடம் சொல்ல, அங்கிருந்து “கூட்டடா” என்று பின்தட்டுக்குப் போகும். “குறை” என்னும் கட்டளை போய்ச் சேருவதற்குள் வளைவு வந்துவிடும். முதல் இரண்டு வளைவுகளிற் பெரியம்மா முருகனை அழைத்த குரலே கட்டளையினும் விரைவாகச் சென்றது. மூன்றாம் வளைவிற்குப் பின் கட்டளை தேவைப்படவில்லை. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்பதைச் சிறுவன் அறிந்துகொண்டான். நுவரெலியா வரையும் அவ்வாறே சென்றனர்.

பல ஆண்டுகளாக அவர் கதையை இவ்விடத்திலேயே முடித்துவந்தார். கேட்டவர்கள் சிரித்தனர். எஞ்சியது பின்வருமாறு.

நுவரெலியாவிற் கடுங்குளிர். சைவக் கடையொன்றினுள் எல்லோரும் புகுந்து தோசைக்குச் சொல்லி அமர்ந்தனர். சிறுவன் வாசலுக்கு வெளியே வானருகில் நின்றான். கயிறு உராய்ந்த உள்ளங்கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றான். கடைக்காரர் மலையகத்தவர். அவர் கண்டு, “தம்பி ஏன் பனியில நிக்குது? உள்ள வரச் சொல்லுங்க” என்றார். அம்மான் நிமிராமலே, “அவன் வெளியில நிக்கட்டும், அவனுக்கு அது பழக்கம்” என்றார். வானுக்குரியவர் கையிற் தேநீர்க் குவளை இருந்தது. பதினைந்து மைலுக்கு மேற்பட்ட மலைப்பாதையில் ஒன்பது பேரின் உயிரை அச்சிறுவனின் கை தாங்கியிருந்தமை அவருக்குத் தெரியும். கடைக்காரர் ஒருகணம் அவரை நோக்கினார். அவர் தேநீரைக் குடித்தார்.

கடைக்காரரே வெளியே சென்று சிறுவனுக்கு உணவு கொடுத்தார். மறுநாட் காலை புதிய கம்பி பூட்டப்பட்டு, யாத்திரை இனிதே நிறைவேறியது.

1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. மிளகாயும் வெங்காயமும் மீண்டும் இறக்குமதியாயின. தோட்டக்காரரின் நற்காலம் முடிந்தது. அதே துறைமுகத்தினூடாக ஜப்பானிய வான்களும் இறங்கின. தோட்டத்தில் வருவாய் குறைந்தமையால் ஆட்களை ஏற்றி வாடகைக்கு ஓடும் தொழிலை நாடிய அவர், 1982 இல் ரொயோட்டா ஹைஏஸ் வானொன்றை வாங்கினார். டீசல் இயந்திரம், மென்மையான இருக்கைகள், பாட்டுக் கேட்கும் கசற் கருவி. அது பழுதுறவில்லை. ஆதலால் அதனைப் பற்றி அவர் சொல்வதும் அதிகமில்லை. கொம்பி வேப்பமரத்தின் கீழ் ஒதுக்கப்பட்டது. அதன் நடு இருக்கையிற் கோழிகள் முட்டையிட்டன.

பின்தட்டுச் சிறுவன் பள்ளியை விட்டு, பட்டினத்துக் கராஜ் ஒன்றிற் சேர்ந்து, பத்தாண்டில் மருதனார்மடத்துக்கு அருகில் ஓலைக் கொட்டிலொன்றிற் தனியாகத் தொழில் தொடங்கினார். ஒலியைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக் என்று அவருக்குப் பெயர் உண்டாயிற்று. ஹைஏஸ் வானின் வேலைகளும் அவரிடமே சென்றன. தாய் பழக்கிய ‘நயினார்’ என்னும் விளியை அவர் கைவிட்டிருந்தார். அதற்குப் பதிலாக வேறெதனையும் சொல்லவில்லை. முறைப்பெயர் எதுவுமின்றி, வண்டியைப் பற்றி மட்டுமே பேசினார். வானுக்குரியவர் அதனைக் கவனித்தார். அதுபற்றி எதுவும் கேட்கவில்லை.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டது. கண்டி வீதி மூடப்பட்டது, மின்சாரம் நின்றது, பெற்றோல், டீசல், பற்றறி முதலியன குடாநாட்டுக்கு வருவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அரிதாகக் கிடைத்தது. ஹைஏஸ் வானுக்கு மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்த்தனர். டீசலில் உள்ள வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லாமையால் எரிபொருட் பம்பி தேய்ந்து இறுகிவிட்டது. புதிய வண்டி முற்றத்தில் நின்றது.

அப்போதுதான் பழைய வண்டிகளின் அருமை யாழ்ப்பாணத்தில் உணரப்பட்டது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாகாது. அமுக்கம் மிகுந்த இயந்திரத்தில் நேரந்தவறி வெடித்துத் தட்டும். ஐம்பதுகளிற் செய்யப்பட்ட இயந்திரங்களோ அமுக்க விகிதம் குறைந்தவை. மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொள்பவை. சில துளி பெற்றோலிற் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் வெண்புகை கக்கிக்கொண்டேனும் அவை ஓடின. மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ 40 கார்களும் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன. 1991 இல் மெக்கானிக் வேப்பமரத்தடிக்கு வந்து, கோழிகளைத் துரத்தி, கொம்பியின் பின்மூடியைத் திறந்தார். பெற்றோலுக்கெனச் சிறு போத்தலொன்றையும் திருகு குழாயொன்றையும் காபரேற்றருக்கு அருகிற் பொருத்தினார். பற்றறி வலுவற்றிருந்தமையால் தள்ளியே தொடக்க வேண்டியிருந்தது. ஊரார் தள்ளினர். வீட்டுக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய் வீதம் சேர்த்துப் பிரசவ வேதனையுற்றோரையும் காயமுற்றோரையும் யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றனர். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுடன் கலந்து அதனை நீராக்குமாதலின், ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டுமென்று மெக்கானிக் எச்சரித்தார். மாற்றுவதற்கு ஒயில் இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் உடனடியாக வெளியேறித் தென்மராட்சிக்குச் செல்லுமாறு ஒலிபெருக்கிகள் அறிவித்தன. மழை பெய்துகொண்டிருந்தது. வானுக்குரியவர் இருக்கைகளைக் கழற்றி நெல்மூடைகளையும் தையல் இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தார். மெக்கானிக் தம் முதிய தாயைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு, பெற்றோற் போத்தலோடு மழையில் வந்தார்.

“சாமானை இறக்குங்கோ. ஆக்களை ஏத்துவம்.”

மூடைகள் இறங்கின, இருக்கைகள் மீண்டும் பூட்டப்பட்டன. ஒன்பது பேருக்கான வானிற் பத்தொன்பது பேர் ஏற வேண்டியிருந்தது. மெக்கானிக்கின் தாய் வழக்கப்படி பின்பக்கம் சென்று நின்றாள். வானுக்குரியவர், “அங்கை வேண்டாம். முன்னுக்கு ஏறுங்கோ” என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவளை ‘வா’, ‘போ’ என்று அழைத்த வாயிலிருந்து ‘ஏறுங்கோ’ என்னும் சொல் அன்றுதான் வந்தது. அவள் தயங்கினாள். மழை தயங்க விடவில்லை. தோட்டத்தில் அவள் பிடுங்கிய மிளகாயைச் சுமந்த வானின் முன்னிருக்கையில் அவள் முதன்முறையாக அமர்ந்தாள். இரண்டாம் வரிசையில் வயது முதிர்ந்த பெரியம்மா இருந்தார். அம்மான் அப்போது உயிருடன் இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் அவ்வண்டியை நிற்கவிடாமல் ஓட்ட வல்லவர் மெக்கானிக் ஒருவரே. ஆதலால் அவர் சாரதியானார். வானுக்குரியவர் எஞ்சியிருந்த ஒரே இடத்துக்குச் சென்றார். இரு குழந்தைகளைத் தமது மடியில் வைத்துக்கொண்டு பின்தட்டிற் குந்தினார்.

கோண்டாவிலைக் கடந்து, நல்லூரை அடைந்து, செம்மணி வீதியில் ஏறியபோது நள்ளிரவாகியிருந்தது. இலட்சக்கணக்கான மக்கள் ஒரே வீதியில், சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும், மழையில் நெரிந்து நகர்ந்துகொண்டிருந்தனர். வான் பத்து அடி செல்லும். பத்து நிமிடம் நிற்கும். இயந்திரத்தை நிறுத்தினால் மீண்டும் தொடக்க முடியாது. காற்றோட்டமின்றி நின்ற இடத்தில் ஓடவிட்டாலோ அது கொதித்தது. தகட்டினூடாக ஏறிய வெப்பம் அவருடைய தொடைகளைச் சுட்டது. ஒரு பிள்ளை அழுதது. அப்பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தார். மாற்றி அமர இடமிருக்கவில்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் அவ்வான் அவருடையதாக இருந்தது. அதன் இலக்கமும், கதவின் ஓசையும், ஒதுக்கக் குமிழின் இழுவையும் அவருக்கு மனப்பாடம். அந்த வெப்பத்தை மட்டும் அவர் அன்றுதான் அறிந்தார்.

சிறிது நேரத்தில் வேறொன்றையும் அறிந்தார். அத்தட்டில் இருப்பவருக்கு இயந்திரத்தின் ஒலி தெளிவாகக் கேட்கும். சனத்தின் இரைச்சலிலும் மழையிலும் சாரதிக்கு அது கேட்கவில்லை. முன்னிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணை, சத்தம் எப்பிடி?”

கேள்வி தாயின் வாயாற் பெரியம்மாவுக்கும், பெரியம்மாவின் வாயால் மூன்றாம் வரிசைக்கும், அங்கிருந்து பின்தட்டுக்கும் வந்து சேர்ந்தது. வாய்க்கு வாய் மாறியபோதும் ‘அண்ணை’ என்னும் சொல் உதிராமல் வந்தது. அவர் காதைத் தகட்டோடு வைத்துக் கேட்டார். “ஒண்டு விட்டு அடிக்குது” என்றார். விடை அதே வழியாக முன்னே சென்றது. சாரதி எதையோ திருத்தினார், ஒலி சீராயிற்று. விடியும்வரை அவ்வாறே கேள்வியும் விடையும் போய்வந்தன.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது வெளிச்சமாகிவிட்டது. சாவகச்சேரியையும் தாண்டி, மீசாலையில் ஒரு தென்னந்தோட்டத்தின் ஓரத்தில் இயந்திரம் பெருஞ்சத்தத்துடன் இறுகி நின்றது. மண்ணெண்ணெய் நீராக்கிய ஒயிலில் அதன் பெயாரிங்குகள் தேய்ந்து முடிந்திருந்தன. பத்தொன்பது பேரும் இறங்கினர். அவ்வான் பிறகு ஓடவில்லை.

1996 ஏப்பிரலின் பின் ஊர் திரும்பியபோது முற்றத்தில் ஹைஏஸ் வான் இல்லை. கொம்பியின் உடலை மறு ஆண்டு உழவு இயந்திரமொன்றிற் கட்டி இழுத்துவந்தனர். வானுக்குரியவர் அதனைத் தமது வளவுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. மெக்கானிக்கின் கொட்டிலுக்குப் பின்னே விடச் சொன்னார். போர் முடிந்து 2009 இற் கண்டி வீதி மீண்டும் திறக்கப்பட்டபின், பழைய வண்டிகளைத் தேடுவோர் கொழும்பிலிருந்து வரத்தொடங்கினர். கொம்பி வானின் உற்பத்தி இறுதியாகப் பிரேசில் நாட்டிலும் 2013 இன் முடிவோடு நின்றுபோகவே, பிரிந்த முன்கண்ணாடியுடைய பழைய வண்டிகளுக்கு மதிப்பு மேலும் ஏறியது. அடுத்த ஆண்டு வாங்க வந்த இளைஞர் ஒருவர், வண்டி யாருடையது என்று வினவினார்.

“புத்தகத்திலை என்ரை பேர் கிடக்கு. விலையை அவரோடை பேசுங்கோ” என்று முதியவர் கொட்டிலைக் காட்டினார்.

விற்ற பணத்தை இருவரும் சரிபாதியாகப் பங்கிட்டனர். வான் பாரவண்டியில் ஏறிச் சென்ற மாலையில், கொட்டிலுக்கு முன்னாலுள்ள வாங்கில் இருவரும் இருந்து தேநீர் குடித்தனர். அப்போதுதான், நாற்பது ஆண்டுகளின் பின், முதியவர் நுவரெலியாக் கடையைப் பற்றிப் பேச்செடுத்தார். மெக்கானிக் அதனை மறந்திருப்பார் என்ற நம்பிக்கை அவர் உள்ளத்தின் ஒரு மூலையில் இருந்தது.

“மறக்கேல்லை, அண்ணை. அந்தக் கடைக்காரன் தோசையோடை ஒரு வடை கூடத் தந்தவன். நல்ல சூடு” என்றார் மெக்கானிக். சற்று நேரம் பொறுத்து, “நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை” என்றார்.

குரலிற் சினம் இல்லை, மன்னிப்பும் இல்லை. நடந்ததை நடந்தவாறு சொன்ன குரலே அது. முதியவர் விடை சொல்ல முயன்று, ஒன்றும் தோன்றாமல், ஓமென்று தலையசைத்தார்.

அன்றிலிருந்து கதிர்காம யாத்திரையின் கதையை அவர் அந்தக் கடை வரைக்கும் சொல்கின்றார். கேட்போர் முன்போலச் சிரித்துக்கொண்டு எழுந்து போவதில்லை. பழைய வண்டியை நினைவுகூர்வது இனிய பழக்கமே. ஆயின் முன்னிருக்கையிலிருந்து கண்ட வீதி மட்டும் அவ்வண்டியின் வரலாறாகிவிடாது. அதன் இயந்திரத்துக்கு மிக அருகில் இருந்தவன் எவன், அவனை அங்கே இருத்தியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதே அவ்வரலாறு முழுமை பெறும். மருதனார்மடத்து முதியவருக்கு அதனைச் சொல்லத் தொடங்க நாற்பது ஆண்டுகள் சென்றன. இன்றும் மாலை வேளைகளில் அவர் கொட்டிலுக்குப் போகின்றார். பழுதுபார்க்க வந்த வண்டியொன்றைத் தொடக்கியதும் மெக்கானிக் அவரை நோக்கி, சத்தம் எப்பிடி என்று கேட்கின்றார். அவர் காது கொடுத்துக் கேட்டு, தமக்குப் பட்டதைச் சொல்கின்றார். அவர் சொல்வது பெரும்பாலும் பிழையாகவே இருக்கின்றதாம்.